கென் பார்ன்ஸ்

கென்னத் பார்ன்ஸ் (சூலை 8, 1911 - அக்டோபர் 20, 1941) இங்கிலாந்துத் துடுப்பாட்ட அணியின் வேகப் பந்துவீச்சாளர். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு விமானியாகப் பயிற்சி பெறுகையில் உயிரிழந்தார்.

துடுப்பாட்டம்

எசெக்சில் உள்ள லெய்ட்டன்ஸ்டோனில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காகவும் எசெக்ஸ் அணிக்காகவும் விளையாடினார். வொர்க்சாப் கல்லூரியில் ஆசிரியராகவும் பணியாற்றினார். 1934இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தமது முதல் டெஸ்ட் போட்டியிலேயே 10 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மொத்தம் 15 டெஸ்ட் போட்டிகளில் 60 விக்கெட்டுகளைப் பெற்றார். 1939இல் விஸ்டனின் ஆண்டின் சிறந்த வீரர்களுள் ஒருவராகத் தெரிவானார். அவ்வாண்டு மார்ச்சில் டர்பனில் 10 நாட்கள் நீடித்து, முடிவு காணாமல் கைவிடப்பட்ட போட்டியே இவரது கடைசி டெஸ்ட் ஆகும்.

போரும் இறப்பும்

போர் தொடங்கியபின் பிரித்தானிய வான்படையில் சேர்ந்து, கனடாவில் விமானப் பயிற்சி பெற்றார். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படை பெரும்பாலும் இரவிலேயே தாக்குதல் நடத்தியதால், விமானிகள் இருளில் பறக்கவும் தரையிறங்கவும் பழக வேண்டியிருந்தது. நாடு திரும்பிய சில வாரங்களில், சிப்பிங் வார்டனில் நடந்த இரவுப் பயிற்சியில் இவர் ஓட்டிய வெலிங்டன் விமானம் விழுந்து நொறுங்கியது. எதிரியைச் சந்திக்கும் முன்பே, 30 வயதில் இவர் இறந்தார். அப்படையில் பயிற்சி முதலிய போர்ப்பறப்பு அல்லாத விபத்துகளில் மட்டும் சுமார் 8,000 பேர் உயிரிழந்தனர்.