200 கினி ஓவியமும் கால் பென்னி தீர்ப்பும்

1877-ல் லண்டனில் குரோவனர் கேலரி என்ற புதிய கலைக்கூடம் திறந்தது. அதன் முதல் கண்காட்சியைப் பார்த்த ஜான் ரஸ்கின், விஸ்லரின் ஓர் ஓவியத்தைத் தன் பத்திரிகையில் கிழி கிழி என்று கிழித்தார். கலை விஷயத்தில் ரஸ்கின் சொன்னால் இங்கிலாந்தே கேட்ட காலம் அது!

ஓவியத்தில் இருந்தது இரவு வாணவேடிக்கை. முக்கால்வாசி இருட்டு, நடுவே சிதறும் பொன்னிறப் பொறிகள், கீழே நிழல் போலச் சில மனிதர்கள். அவ்வளவுதான். விலை 200 கினி, அதாவது 210 பவுண்டு. பெயிண்டை அள்ளி வீசியதற்கு இவ்வளவு காசா என்பதே ரஸ்கினின் கோபம். பார்க்கப் போனால் இது ஓவிய விமர்சனமே இல்லை, விலை விமர்சனம். அந்த இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இத்தனைக்கும், டர்னரின் மங்கலான ஓவியங்களைக் கேலி செய்தவர்களுக்குப் பதிலாக 1843-ல் ஒரு புத்தகமே எழுதியவர் இதே ரஸ்கின்!

விஸ்லர் 1,000 பவுண்டு கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று மடக்கினார் எதிர்த்தரப்பு வக்கீல். வாழ்நாளெல்லாம் சேர்த்த அறிவுக்கு என்றார் விஸ்லர்.

ஜெயித்தது விஸ்லர்தான். ஆனால் கிடைத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், வெறும் கால் பென்னி! வழக்குச் செலவும் அவர் தலையில் விழ, 1879-ல் திவாலானார். ரஸ்கின் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பதவியை விட்டு விலகினார்.

அதே ஓவியத்தை விஸ்லர் 1892-ல் விற்றார். விலை 800 கினி.