கோஸ் ஒயின் ஆலை

கோஸ், இத்தாலியின் சிசிலித் தீவில் வித்தோரியா நகருக்கு அருகே அமைந்த ஒயின் ஆலை. ஜாம்பத்திஸ்தா சிலியா, ஜுஸ்தோ ஒக்கிபின்தி, சிரினோ ஸ்த்ரானோ என்னும் மூன்று நண்பர்கள் 1980-ல் இதைத் தொடங்கினர். மூவரின் குடும்பப்பெயர்களின் இத்தாலிய முதலெழுத்துகளே ஆலையின் பெயராயின. வித்தோரியாவின் மரபான திராட்சை வகைகளுக்கு மீண்டும் மதிப்பு பெற்றுத் தந்த முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்புலம்

வித்தோரியா நகரை 1607-ல் மோதிகாவின் சீமாட்டி வித்தோரியா கொலோன்னா நிறுவினார். முதலில் குடியேறிய 75 பேருக்கு நிலம் வழங்கியபோது, திராட்சை பயிரிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். இப்பகுதியின் முதன்மை வகைகள் இரண்டு. நேரோ தாவோலா அடர்ந்த நிறமும் கனமும் கொண்டது. ஃபிரப்பாத்தோ வெளிர் நிறமும் பழமணமும் உடையது. இரண்டையும் கலந்து செய்யும் ஒயின் 'செரசுவோலோ தி வித்தோரியா'. செர்ரிப்பழ நிறத்தால் இப்பெயர் பெற்றது.

சரிவு

19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஃபைலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி சிசிலியின் தோட்டங்களைத் தாக்கியது. 20-ம் நூற்றாண்டில் சிசிலி ஒயினின் பெரும்பகுதி மொத்தமாக விற்கப்பட்டது. வடக்கு இத்தாலியிலும் பிரான்சிலும் வெளிறிய ஒயின்களுக்கு நிறமும் வலுவும் ஏற்ற அதைக் கலந்தனர். புட்டியில் சிசிலியின் பெயர் இடம்பெறவில்லை. வித்தோரியாவைச் சுற்றிய நிலங்களில் தக்காளி வளர்க்கும் பசுமைக்குடில்கள் பெருகின. உள்ளூர்த் திராட்சை வகைகள் அழிந்துவிடவில்லை; பெயரிழந்திருந்தன.

மீட்பு

சிலியா குடும்பத்தின் பழைய ஒயின்கூடத்தில் நண்பர்கள் பணியைத் தொடங்கினர். மொத்த விற்பனைக்கு மாறாக, வித்தோரியாவின் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்றனர். தொடக்க ஆண்டுகளில் அக்கால வழக்கப்படி சிறிய ஓக் மரப் பீப்பாய்களைப் பயன்படுத்தினர். மரத்தின் மணம் திராட்சையின் இயல்பை மறைப்பதாக உணர்ந்து பின்னர் அவற்றைக் கைவிட்டனர். 2000-ல் சுடுமண் தாழிகளுக்கு மாறத் தொடங்கினர். கழுத்துவரை மண்ணில் புதைந்த தாழியில் வெப்பநிலை சீராக இருக்கும். மரத்தைப் போலச் சுடுமண் ஒயினுக்குத் தன் சுவையை ஏற்றாது. இவ்வாறு செய்த ஒயினுக்குப் பெருந்தாழியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'பித்தோஸ்' என்று பெயரிட்டனர்.

தாக்கம்

செரசுவோலோ தி வித்தோரியா 2005-ல் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தரச்சான்றைப் பெற்றது. சிசிலியில் அச்சான்றை முதலில் பெற்ற ஒயின் இதுவே. ஒக்கிபின்தியின் உறவினரான அரியான்னா ஒக்கிபின்தி வித்தோரியாவில் தனி ஆலை நிறுவினார். கலவையில் இரண்டாமிடத்தில் இருந்த ஃபிரப்பாத்தோவை மட்டும் கொண்டு அவர் செய்த ஒயின் உலகெங்கும் அறியப்பட்டது.