வெள்ளை செண்டுமல்லிக்கு ஒரு விலை!

ஆயுதபூஜைக்கு முழம் முழமாக வாங்குகிறீர்களே, செண்டுமல்லி... அதை வெள்ளை நிறத்தில் பார்த்ததுண்டா?

மெக்ஸிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பூவுக்கு, 1954-ல் அமெரிக்க விதை வியாபாரி டேவிட் பர்ப்பி ஒரு விலை வைத்தார். இரண்டரை அங்குல அகலத்தில், தூய வெள்ளையாகப் பூக்கும் விதையைத் தருபவருக்கு 10,000 டாலர்! நல்ல விளம்பரமும்தான். போட்டிக்கு இறங்குபவர்கள் விதை வாங்கணுமே!

அயோவா மாநிலத்தில் சல்லி (ஊர்ப் பெயர்தான், சிரிக்காதீர்கள்!) என்ற சின்ன ஊர். அங்கே ஆலிஸ் வாங்க் என்ற பெண்மணி, வீட்டுத் தோட்டத்தில் காரியத்தை ஆரம்பித்தார். வழி ரொம்ப எளிது. பூத்ததிலேயே எது அதிகம் வெளுத்திருக்கிறதோ, அதன் விதையை மட்டும் பத்திரப்படுத்தி, அடுத்த வருஷம் விதைப்பது. அதிலும் வெளுத்ததைப் பொறுக்கி, மறுபடி...

சிக்கல் எங்கே என்றால், செண்டுமல்லி ஒரே பருவத்தில் ஆயுள் முடிகிற செடி. அந்த ஊர்ப் பனி வேறு எல்லாவற்றையும் கருக்கிவிடும். ஆக, வருஷத்துக்கு ஒரே ஒரு சான்ஸ்! நடுவில் பக்கத்து மஞ்சள் பூவிலிருந்து தேனீ மகரந்தம் சுமந்து வந்தால், பழைய நிறம் மறுபடி தலைகாட்டும்.

ஆலிஸ் விடவில்லை. 1975-ல், அறிவிப்பு வந்து 21 வருஷம் கழித்து, 10,000 டாலர் சல்லிக்குப் போய்ச் சேர்ந்தது.