டீசல் பிக்கப்பும் ஐந்தாவது சக்கரமும்

எதிர்வீட்டுல ஒரு தாத்தா இருக்கார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். போன வருஷம் திடீர்னு ஒரு கேம்பரை வாங்கி வாசல்ல நிறுத்திட்டார். கேம்பர்னா சக்கரம் வச்ச வீடு. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. பாட்டியம்மாவைக் கூட்டிக்கிட்டு கொலராடோ மலையைத் தாண்டி யூட்டா பாலைவனம் வரைக்கும் போகணும்னு ரொம்ப நாள் ஆசையாம். வீடு ரெடி. இழுக்க மாடுதான் இல்லை.

"நீ கம்ப்யூட்டர் ஆளு. பழைய டீசல் பிக்கப் ஒண்ணு நல்லதா தேடிக் கொடேன்" என்றார். அரை மணி நேர வேலைன்னு நினைச்சு தலையாட்டினேன். மூணு மாசம் ஆச்சு மக்களே. பழைய டீசல் வண்டி வாங்குறதுங்கிறது கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிற விஷயமே இல்லை, வருஷத்தைத் தேர்ந்தெடுக்கிற விஷயம்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு வருஷத்துக்குப் பின்னாலும் ஒரு சரித்திரம் இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

பிக்கப்னா நம்மூர் குட்டியானையோட பெரியப்பான்னு வச்சுக்குங்க. முன்னால ஆள் உட்கார இடம், பின்னால திறந்த பெட்டி. தாத்தா வாங்கினது 'ஐந்தாவது சக்கரம்' வகை கேம்பர். சாதாரண ட்ரெய்லர் வண்டியோட பின்பம்பர் பக்கம் மாட்டும். இது அப்படியில்லை. அதன் மூக்கு பிக்கப்போட பெட்டிக்குள்ளேயே, பின் அச்சுக்கு மேலே வந்து உட்காரும். அதனால ரோட்டுல வாலாட்டாது. பேர் குதிரைவண்டிக் காலத்துலேர்ந்து வருது. நாலு சக்கர வண்டியில முன் அச்சு திரும்பறதுக்காகப் படுக்கவாட்டில ஒரு வளையம் வச்சிருப்பாங்க, அதுதான் ஐந்தாவது சக்கரம். விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920-களின் கடைசியில 'ஏரோகார்'னு ஒரு இழுவை வீடு செய்தார். அதை இழுக்கிற காரோட இணைக்க, விமானத்தோட காத்தடிச்ச டயரைப் படுக்க வச்சே பயன்படுத்தினார். நிஜமாவே ஐந்தாவது சக்கரம்!

சரி, இழுக்கிற மாட்டுக்கு வருவோம்.

ருடால்ஃப் டீசல் 1890-களில் ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல செஞ்ச இன்ஜின்ல தீப்பொறி கிடையாது. காத்தைப் போட்டு அமுக்கு அமுக்குன்னு அமுக்கினா அதுவே கொதிக்கும். அந்தச் சூட்டுல எண்ணெயைப் பீச்சினா தானா எரியும். 1897-ல ஒழுங்கா ஓடிக் காட்டினார். 1913-ல இங்கிலாந்துக்குப் போற கப்பல்லேர்ந்து காணாமல் போனார். அது தனிப்பதிவு போட வேண்டிய கதை.

இதை ரோட்டுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவங்கள்ல முக்கியமான ஆள் கிளெஸி கம்மின்ஸ். இண்டியானா மாநிலம் கொலம்பஸ் ஊர்ல ஒரு பேங்க் முதலாளியோட கார் டிரைவர். முதலாளி இர்வின் பணம் போட, 1919-ல டீசல் இன்ஜின் கம்பெனி ஆரம்பிச்சார். பல வருஷம் நஷ்டம். 1929-ல பொருளாதாரமே படுத்துக்கிச்சு. அந்தக் கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஒரு பழைய பேக்கார்டு கார்ல தன் டீசல் இன்ஜினைத் திணிச்சு, முதலாளியை ஒரு ரவுண்டு கூட்டிப் போனார். முதலாளி அசந்துட்டார். அடுத்த மாசமே அந்தக் காரை இண்டியானாபொலிஸ்லேர்ந்து நியூயார்க்குக்கு ஓட்டிப் போனார், கிட்டத்தட்ட 800 மைல். எண்ணெய்ச் செலவு ஒரு டாலர் 38 சென்ட். 1931 இண்டி 500 பந்தயத்துல கம்மின்ஸ் டீசல் கார் ஒரு தடவைகூட நிக்காம 500 மைலும் ஓடி 13-ஆவதா வந்துச்சு. ஜெயிக்கலை. ஆனா எண்ணெய் போடக்கூட நிக்கலையே!

அதே 1931-ல நடந்த இன்னொரு சம்பவம்தான் இந்தப் பதிவுக்கே காரணம். டீசல் லாரி ஒண்ணுல நியூயார்க்லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் வரைக்கும் சாதனை ஓட்டம். கலிபோர்னியாவில கஹோன் கணவாய் இறங்கும்போது பிரேக் சூடாகி வேலை செய்யாமப் போச்சு. டீசல் இன்ஜின்ல பெட்ரோல் இன்ஜின் மாதிரி காத்தை அடைக்கிற கதவு இல்லாததால, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலும் வேகம் அவ்வளவா குறையாது. லாரி தறிகெட்டு இறங்குது, கீழே ரோட்டுக்குக் குறுக்கே கூட்ஸ் ரயில். நூலிழையில தப்பிச்சாங்க. கம்மின்ஸ் அதை மறக்கவே இல்லை. 1950-களில் கம்பெனியை விட்டு விலகின பிறகு உட்கார்ந்து யோசிச்சு, இன்ஜினையே பிரேக்கா மாத்துற கருவியைக் கண்டுபிடிச்சார். அமுக்கின காத்தை வேலை செய்ய விடாம வெளியே விட்டுடுறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஜேக்கப்ஸ் கம்பெனி அதை 1961-ல விற்பனைக்குக் கொண்டு வந்துச்சு. லாரிக்காரங்க சொல்ற 'ஜேக் பிரேக்' அதுதான். முப்பது வருஷம் மனசுல உறுத்தின பயம் ஒரு கருவியாச்சு.

பிக்கப்புக்கு டீசல் ஆசை வந்தது 1973-க்கு அப்புறம், எண்ணெய் நெருக்கடியால. ஜெனரல் மோட்டார்ஸ் 1978-ல ஓல்ட்ஸ்மொபீல் 5.7 லிட்டர் டீசலைக் கார்லயும் சின்ன பிக்கப்லயும் போட்டுச்சு. பிளாக்கைத் தடிமனாக்கினாங்க. ஆனா பழைய பெட்ரோல் இன்ஜினோட தொழிற்சாலை எந்திரத்தையே பயன்படுத்த, ஹெட் போல்ட்டோட எண்ணிக்கையையும் இடத்தையும் மாத்தலை. டீசலோட அழுத்தத்துக்கு அந்த போல்ட் பத்தலை. ஹெட் கேஸ்கெட் புட்டுக்கிச்சு. போதாததுக்கு டீசல்ல கலந்த தண்ணியைப் பிரிக்கிற வடிகட்டியும் வைக்கலை. 1985-ல மூடிட்டாங்க. அமெரிக்கக் கார் சந்தையில டீசல்னாலே ரொம்ப நாளைக்குக் கெட்ட பேர். நாலு போல்ட்ல மிச்சம் பிடிக்கப் போய் நாற்பது வருஷப் பேரைத் தொலைச்ச கதை.

1982-ல அதே ஜெனரல் மோட்டார்ஸ் 6.2 லிட்டர் டீசல் கொண்டு வந்துச்சு. ராணுவ ஹம்வீயிலயும் அதுதான். ஆனா அது மைலேஜுக்குச் செஞ்ச இன்ஜின், பாரம் இழுக்க இல்லை. 1983-ல ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்கிட்ட 6.9 லிட்டர் இன்ஜின் வாங்கிப் போட்டுது.

நிஜமான திருப்பம் 1989-ல. டாட்ஜ் பிக்கப்ல கம்மின்ஸ் 5.9 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், டர்போ. இது 80-களின் தொடக்கத்துல ஜே.ஐ. கேஸோட கூட்டு சேர்ந்து, விவசாய, கட்டுமான எந்திரங்களுக்காகச் செஞ்ச இன்ஜின் குடும்பம். 160 குதிரைத்திறன்தான், ஆனா டார்க்னு சொல்ற முறுக்குவிசை 400 பவுண்டு-அடி, அதுவும் 2,000 சுற்றுக்குள்ளேயே. பாரம் இழுக்கிறவனுக்கு அதுதான் வேணும். இந்தக் குடும்பம் நமக்கும் தூரத்துச் சொந்தம். 1993-ல ஆரம்பிச்ச டாடா கம்மின்ஸ், ஜாம்ஷெட்பூர்ல இதே இன்ஜினைச் செஞ்சு டாடா லாரியில போட்டுது. நம்மூர் நெடுஞ்சாலையில கேட்ட அதே குரல்தான் இங்கே கேம்பர் இழுக்குது :-)

அதுக்கப்புறம் மூணு பேருக்கும் போட்டி. 1994-ல ஃபோர்டோட 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக். இன்னிக்கும் அதைச் சொன்னா சில பேருக்குக் கண்ணு கலங்கும். 2001-ல ஜெனரல் மோட்டார்ஸ், இசுசுவோட சேர்ந்து செஞ்ச 6.6 லிட்டர் டியூராமாக்ஸ், கூடவே அலிசன் கியர்பாக்ஸ். 300 குதிரைத்திறன், 520 பவுண்டு-அடி.

ஆனா ஒவ்வொரு நல்ல இன்ஜினுக்குள்ளும் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கு. 2002 வரைக்கும் வந்த 5.9 கம்மின்ஸ்ல டைமிங் கியர் பெட்டிக்குள்ள ஒரு குட்டி எஃகு பின். அது கழண்டு கியருக்குள்ள விழுந்தா இன்ஜின் காலி. 'கொலைகாரப் பின்'னே பேர். முதல் டியூராமாக்ஸ்ல எண்ணெய் பீச்சுற இன்ஜெக்டர்கள் கசிஞ்சு, கம்பெனியே வாரண்டியை 7 வருஷம், 2,00,000 மைல்னு நீட்டிச்சது. 7.3-க்குப் பதிலா 2003-ல வந்த ஃபோர்டு 6.0-ல புகைக் கட்டுப்பாட்டுக்காக வச்ச கூலரும் ஹெட் போல்ட்டும் பண்ணின தொல்லையில, ஃபோர்டும் நேவிஸ்டாரும் 2007-ல கோர்ட்டுக்கே போய், 2009-ல சமாதானமானாங்க. 2011-லேர்ந்து ஃபோர்டு சொந்தமா 6.7 செய்ய ஆரம்பிச்சுது.

2007-ல கரித்துகள் வடிகட்டி கட்டாயமாச்சு. 2010 விதிகளுக்காக யூரியாக் கரைசல் வந்துச்சு. 'அதுக்கு முந்தின வண்டியா வாங்கு'ன்னு தாத்தாவோட சிநேகிதர்கள் எல்லாரும் சொன்னாங்க. எனக்கும் பழசு மேல ஆசைதான். ஆனா அந்தப் புகையை மூச்சுல வாங்கறவனும் மனுஷன்தானே. இந்தக் கதையில நாயகனா வர்ற கம்மின்ஸ் கம்பெனியே இதுல சறுக்குச்சு. 2013 முதல் 2019 வரைக்கும் விற்ற 6,30,000 ராம் பிக்கப் இன்ஜின்கள்ல புகைச் சோதனையை ஏமாத்துற மென்பொருள் இருந்ததா அரசு குற்றம் சாட்டி, 2023 டிசம்பர்ல 167.5 கோடி டாலர் அபராதம்னு முடிவாச்சு. டிரைவரா இருந்து கம்பெனி கட்டின கிளெஸி இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

இப்போ தாத்தா கதைக்கு வர்றேன். அவர் மனசுல ஒரு சின்ன 'அரை டன்' பிக்கப் விழுந்திருந்தது. விளம்பரத்துல 11,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கு, கேம்பர் சாமான் எல்லாம் சேர்த்து 10,000 பவுண்டுதான், அதாவது சுமார் 4,500 கிலோ. "அப்புறம் என்ன?" என்றார்.

அந்த இழுவை எண்ணுக்கே ஒரு வரலாறு இருக்கு. ரொம்ப காலம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கிச்சு. 2008-லதான் எஸ்.ஏ.ஈ. பொறியாளர் அமைப்பு ஜே2807னு ஒரு பொது அளவுகோல் கொண்டு வந்துச்சு. அரிசோனாவில டேவிஸ் அணை மேட்டுல, வெயில் காலத்துல, ஏ.சி.யைப் போட்டுக்கிட்டே, பாரத்தோட 40 மைல் வேகத்துக்குக் குறையாம ஏறணும். 2011-ல டொயோட்டா முதல்ல ஏத்துக்கிச்சு. அமெரிக்கக் கம்பெனிகள் சில வருஷம் இழுத்தடிச்சுதான் வந்தாங்க.

ஆனா இழுக்கிறது வேற, சுமக்கிறது வேற. ஐந்தாவது சக்கர வகையில எடையில 15-லேர்ந்து 25 சதவீதம் பிக்கப் முதுகுல உட்காரும். டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அந்த வண்டி எவ்வளவு சுமக்கலாம்னு. நேர்ல போய்ப் பார்த்தோம். 1,500 பவுண்டு. பேப்பர்ல கணக்குப் போட்டேன். கேம்பர் மூக்கு 2,000. தாத்தா, பாட்டி 350. இணைப்புக் கொக்கி 150. மொத்தம் 2,500. ஆயிரம் பவுண்டு அதிகம்!

தாத்தா ஸ்டிக்கரையே பார்த்துக்கிட்டு நின்னார். "முப்பது வருஷம் பிள்ளைகளை ஏத்தின பஸ்ல சீட்டுக்கு மேல ஒரு பிள்ளையை ஏத்த விட்டதில்லை நான்" என்றார். அதோட அந்த வண்டி கதை முடிஞ்சுது.

இதுல ஒரு வேடிக்கை. அடுத்த சைஸான முக்கால் டன் வண்டியிலயும் டீசல் போட்டா அந்த இன்ஜினே சில நூறு பவுண்டு கூடுதல் எடை. சுமக்கிற அளவுல அதுவே தின்னுடும். நாங்க பார்த்த ரெண்டு வண்டியிலயும் 2,500 தாங்கலை. கடைசியில 'ஒரு டன்' வண்டிதான்.

வருஷம்? அங்கேதான் கஹோன் கணவாய் ஞாபகத்துக்கு வந்துச்சு. யூட்டா போற ரோட்டுல ஐசனோவர் சுரங்கம், 11,000 அடி உயரம். ஏறுறதைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க. மெல்லிய காத்துல டர்போ கை கொடுக்கும், டீசல் ஏறிடும். ஆனா சுரங்கம் தாண்டினதும் சில்வர்த்தோர்ன் வரைக்கும் 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிக்காகவே ஓரத்துல சரளைமண் ஏத்தம் போட்டு வச்சிருக்காங்க. ராம்ல 2007 நடுவுலேர்ந்தும், மத்த ரெண்டுலயும் 2011-லேர்ந்தும் கம்பெனியிலேயே எக்ஸாஸ்ட் பிரேக் வந்துடுச்சு. டர்போவோட இதழ்கள் மூடி புகைப்பாதையை நெரிக்கும், இன்ஜின் முக்கி முனகி வண்டியைப் பிடிச்சுக்கும். ஜேக் பிரேக்கோட முறை வேற, நோக்கம் அதேதான்.

2012 வண்டி ஒண்ணு வாங்கினார். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், அந்த மூணு கட்சி சண்டையை இங்கே இழுக்க விருப்பமில்லை :-)

போன வாரம் யூட்டாவிலேர்ந்து போன் பண்ணினார். மலை எப்படி இருந்துச்சு, பாட்டி எப்படி இருக்காங்கன்னு கேட்டேன்.

"இறங்கும்போது பிரேக்கை நாலு தடவைதான் தொட்டேன்" என்றார். "அவ பக்கத்துல தூங்கிட்டா."