மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிளும் சொல்லாமல் விட்ட மிச்சக் கதையும்

மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின கதையைச் சொல்லாத யாழ்ப்பாணத்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. பிறந்தநாள் விழாவோ செத்தவீடோ, நாலு பேர் தேத்தண்ணியோடு இருந்தால் எப்படியும் அந்தக் கதை வரும். ஒருவர் வெள்ளைப் புகையைப் பற்றிச் சொல்லுவார், இன்னொருவர் அந்த மணத்தைப் பற்றிச் சொல்லுவார், மூன்றாமவர் "தமிழன்ரை மூளையெண்டால் மூளைதான்" என்று முடித்து வைப்பார். இங்கே பிறந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் அதில் பாதியைத்தான் நாங்கள் சொல்கிறோம்.

முதலில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. 1990 யூன் மாதத்தில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. அந்த வருடமே குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம், சவர்க்காரம், வாகன உதிரிப்பாகங்கள் என்று அது நீளும். மண்ணெண்ணெய்க்கு முழுத்தடை இல்லை. சமைக்கவும் விளக்கெரிக்கவும் என்று மட்டுமட்டாக விட்டார்கள். ஆக, ஏழெட்டு லட்சம் சனம் இருந்த ஒரு நிலப்பரப்பில் எரிகிற திரவம் என்று பெயருக்கு இருந்தது அது ஒன்றுதான். சமைத்ததும் அதில், படித்ததும் அதில், தோட்டம் இறைத்ததும் அதில். பிறகு ஓடினதும் அதில்.

பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை ஊற்றினால் அது சும்மா ஓடாது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடு கண்டால்தான் ஆவியாகும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது துளித்துளியாகவே போய் விழும், பிளக் நனையும், பற்றாது. எஞ்சின் ஒருமுறை சூடேறிவிட்டால் பிறகு மண்ணெண்ணெயே போதும். இந்தச் சூத்திரத்தை யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் வானத்திலிருந்து பிடித்துக்கொண்டு வரவில்லை. எங்கள் வெங்காயத் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் இறைப்பு மிசின் என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதில் பெற்றோலுக்கு ஒரு சின்னத் தாங்கி, மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கி. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடு பிடித்ததும் குழாயைத் திருப்பிவிடுவார்கள். கமக்காரர் எல்லோருக்கும் தெரிந்த வேலை.

கமக்காரருக்கு முன்னமே வெள்ளைக்காரனுக்கும் தெரியும். இங்கே நொர்வேயில் பிள்ளைகளின் படங்களில் 'குறோதாஸ்' என்று ஒரு சாம்பல் நிறச் சின்ன உழவு இயந்திரம் வருமல்லவா, அது பேர்கசன் ரீஈ20 என்ற மொடல். இங்கிலாந்தில் கொவென்றியில் 1946 இலிருந்து 1956 வரை செய்தார்கள். அதில் 1949 இல் வந்த ஒரு வகை, பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுவது. வித்தியாசம் என்னவென்றால், அதை அதற்கென்றே செய்தார்கள். அமுக்கம் குறைந்த சிலிண்டர், எண்ணெயைச் சூடாக்கி அனுப்புகிற அமைப்பு, இரண்டு தாங்கி, ஒரு திருப்பி எல்லாம் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்தவை. எங்களிடம் இருந்தது ஹொண்டா எம்டி 90, சீடி 200, சாலி. அவற்றின் அமுக்க விகிதம் எட்டு, ஒன்பது என்று வரும். அந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடிக்கும். சிலிண்டருக்குள் ஆரோ சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் கேட்கும். மேடு ஏறும்போது இன்னும் கூடும். யாழ்ப்பாணத்தில் மேடு இல்லாதது ஒரு பெரிய புண்ணியம்.

பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அந்தக் காலத்து எஞ்சின்களில் அமுக்கம் ஆறரை, ஏழு அளவில்தான் இருக்கும். கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கார்களெல்லாம் திரும்ப றோட்டுக்கு வந்ததற்கு அதுதான் காரணம். புது யப்பான் வாகனங்கள் கொட்டிலுக்குள் படுக்க, ஐம்பதுகளின் இங்கிலீசுக் கார்கள் கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடின. தட்டிவான்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஸ்ரார்ட் பண்ணுகிற முறையைப் பலருக்குச் செய்துகாட்டத் தெரியும். ஒரு சின்னப் போத்தலில், கண்மருந்துப் போத்தல் மாதிரி ஒன்றில், கொஞ்சப் பெற்றோல். தங்கத்தைப் போல வைத்திருப்பார்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு காபரேற்றரின் வாய்க்குள் நாலைந்து துளி விடவேண்டும். கையால் வாயைக் கொஞ்சம் பொத்திக்கொண்டு உதைக்கவேண்டும். பற்றினால் அக்சிலேற்றரை முறுக்கிப் பிடித்துச் சூடாகும்வரை அணையவிடாமல் வைத்திருக்கவேண்டும். பற்றாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் முதலிலிருந்து. வழியில் நின்று கதைப்பவர்கள் எஞ்சினை நிப்பாட்டமாட்டார்கள். நிப்பாட்டினால் இன்னும் நாலு துளி தங்கம் போகும்.

எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும். பிறகு பெயரிங் தேயும், கிராங் தேயும். அடிக்கடி ஒயில் மாற்றவேண்டும், ஆனால் ஒயிலும் தடை. டீசல் வாகனக்காரருக்கு வேறு தொல்லை. டீசல் பம்பைத் தேயாமல் வைத்திருப்பது டீசலின் வழவழப்புத்தான். மண்ணெண்ணெயில் அது இல்லை. அதனால் பழைய எஞ்சின் ஒயிலையும் தேங்காயெண்ணெயையும் கலந்து ஊற்றினார்கள். வான் ஒன்று கடந்துபோனால் பலகாரம் சுடுகிற மணம் வரும். சிரிக்க நல்லாக இருக்கும். உதிரிப்பாகம் வராத ஊரில் ஒரு எஞ்சின் செத்தால் அதன் உறுப்புகளை வைத்து இன்னும் இரண்டை உயிர்ப்பித்தார்கள். ரயர் கிழிந்தால் உள்ளுக்குள் இன்னொரு ரயர்த் துண்டை வைத்தார்கள். பற்றரி இல்லாததால் லைற் இல்லை. லைற் இருந்தாலும் போடப் பயம், மேலே ஹெலி.

சைக்கிள் டைனமோவை மறந்தால் குற்றம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவைச் சுற்றியிருந்து இரவு ஒன்பதேகாலுக்கு பிபிசி தமிழோசை கேட்டது எல்லோருக்கும் தெரியும். டைனமோவிலிருந்து வருவது திசை மாறிமாறி வருகிற மின்சாரம், றேடியோவுக்கு நேர் மின்சாரம் வேணும். அதற்கு டயோட்டுகளை வைத்து ஒட்டி, ஒரு கப்பாசிற்றரையும் போட்டுக் கொடுத்தது ஓஎல் படித்துக்கொண்டிருந்த பொடியன்கள். செய்தி வாசிப்பவரின் குரல் இழுபட்டால் பெடல் சுற்றுபவருக்குக் கை உளைகிறது என்று அர்த்தம். இதில் ஆருக்கும் ஆபத்தில்லை. இதைப்பற்றி எவ்வளவும் பெருமைப்படலாம்.

காபரேற்றருக்குள் பெற்றோல் விடுகிற வேலை அப்படியல்ல. வடிகட்டி இல்லாத காபரேற்றர், பக்கத்தில் திறந்த பெற்றோல் போத்தல், நேரந்தவறி வெடிக்கிற எஞ்சின். சில வேளை எஞ்சின் முன்னுக்குப் பற்றாமல் பின்பக்கமாக, காபரேற்றரின் வாயால் நெருப்பைத் துப்பும். அதற்கு மேலே ஒருவர் குனிந்துகொண்டிருப்பார், ஏனென்றால் குனிந்தால்தான் துளியை எண்ணி விடலாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணருக்கு அப்படித்தான் நடந்தது. பெயர் வேண்டாம், இப்போதும் இருக்கிறார். போத்தல் கையில் இருந்தது, மிச்சப் பெற்றோல் சேர்ட்டில் சிந்தியிருந்தது. முகமும் கழுத்தும் வலக்கையும் எரிந்தன. கிணற்றடிக்கு ஓடினார். சைக்கிளில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள், அந்த நேரம் வேறொரு வாகனமும் ஸ்ரார்ட் ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலும் மருந்துகள் மட்டுமட்டு. புண்ணைக் கழுவிக் கட்டுகிற துணியை அவித்து அவித்துத் திரும்பப் பாவித்தார்கள். துண்டில் 'விபத்து' என்று எழுதினார்கள். அவரைக் கேட்டால் இன்றைக்கும் அதை விபத்து என்றுதான் சொல்லுவார். நான் அப்படிச் சொல்லமாட்டேன்.

இன்னொரு வகை நெருப்பு வீட்டுக்குள் வந்தது. வவுனியாப் பக்கமிருந்து சைக்கிளில் கான் கட்டி எண்ணெய் கொண்டுவந்தவர்கள், கிளாலிக் கடலில் இரவில் கயிறு கட்டி இழுத்த வள்ளங்களில் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் ஒரே கானில் ஒருநாள் பெற்றோலும் மறுநாள் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார்கள். வேறு கான் இல்லை. சுத்தமான மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றக்கூடிய ஆவி விடும். பெற்றோல் உறைகுளிரிலும் விடும். கொஞ்சம் பெற்றோல் கலந்தாலே அந்த மண்ணெண்ணெய் பழைய மண்ணெண்ணெய் இல்லை. அதை ஊற்றிய குக்கரும் விளக்கும் வெடிக்கும். கலந்திருக்கிறதா என்று மணந்து பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அப்போதுதான் வந்தது.

இந்த இடத்தில் ஒரு பக்கக்கதை. அதே காலத்தில், 1992 இல், தெற்கில் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், குப்பி விளக்குச் சரிந்து எரிந்துபோய் வருகிற நோயாளரைப் பார்த்துப் பார்த்து, சரியாத ஒரு விளக்கைச் செய்தார். கட்டை உருவம், தடித்த கண்ணாடி, திருகுமூடி, உருண்டு ஓடாமல் இரண்டு பக்கம் தட்டை. மார்மைற் போத்தலின் வடிவத்திலிருந்து வந்த யோசனை. அதற்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எங்கள் ஜாம் போத்தல் விளக்கையும் இதோடு வைத்துப் பாருங்கள். அதுவும் கட்டைப் போத்தல்தான். அடியில் பஞ்சு, பஞ்சு குடிக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய். சரிந்தாலும் ஊற்றுப்பட எண்ணெய் இல்லை. மிச்சம் பிடிக்கச் செய்தது பாதுகாப்பாகவும் அமைந்தது. எங்கள் கண்டுபிடிப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த விளக்குத்தான், மோட்டார் சைக்கிள் அல்ல.

'தட்டுப்பாடு வந்தால் எல்லா ஊரிலும் இப்படித்தான்' என்று ஒருவர் என்னோடு வாதாடினார். உண்மை. இரண்டாம் உலகப்போரில் இங்கே பெற்றோல் இல்லாமல் விறகை எரித்து வருகிற வாயுவில் கார் ஓட்டினார்கள். நொர்வேயில் அந்தச் சின்ன விறகுத் துண்டுகளுக்கு 'க்நொத்' என்று பெயர், வயதானவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள். போர் முடிகிற நேரம் ஜேர்மனியில் இப்படி ஐந்து லட்சம் வாகனங்கள் அளவில் இருந்தன. சென்னை மாகாணத்திலும் கரி வாயுவில் பஸ் ஓடியது. அந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவு காபன் மொனொக்சைட். மணமில்லாத நஞ்சு. கறாச்சுக்குள் வைத்து மூட்டியவர்கள் மயங்கி விழுந்தார்கள், சிலர் எழும்பவில்லை. ஆனால் சுவீடனில் என்ன செய்தார்கள்? அரசாங்கமே பொறுப்பெடுத்தது, பாதுகாப்பு விதி போட்டது, நஞ்சேறியவர்களை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். 1950 இல் அவர்களுடைய பொறியியல் விஞ்ஞான அக்கடமி எல்லா அனுபவத்தையும், நஞ்சேறிய கதையையும் சேர்த்து ஒரு தடித்த புத்தகமாகப் போட்டது. சனம் தட்டுப்பாட்டில் செய்ததை அங்கே அரசு பாதுகாப்பாக்கப் பார்த்தது. எங்கள் தட்டுப்பாடு அரசு எழுதின பட்டியலிலிருந்து வந்தது. புது பிளக் ஒன்றைக் காற்சட்டைப் பொக்கற்றில் ஒளித்துக்கொண்டு வந்தால் சோதனைச்சாவடியில் அடி விழும்.

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அதுவும் சரியில்லை. வெள்ளைப் புகை இல்லாமல், தட்டுகிற சத்தம் இல்லாமல் ஒரு வாகனம் வந்தால் அது ஆருடையது என்று ஒழுங்கைக்குள் இருந்தபடியே சொல்லலாம். செஞ்சிலுவைச் சங்கம், அல்லது இயக்கம். பெற்றோல் இருந்தது, எங்களுக்கு இருக்கவில்லை. வருகிற சாமானுக்கு வரியும் இருந்தது. 'தமிழன்ரை மூளை' என்று பெருமையடிக்கிறபோது, அந்த மூளையைப் பாவிக்கவேண்டி வந்தவர்கள் எவர், வராதவர்கள் எவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் கட்சி. இதற்காக எனக்குத் திட்டி எழுதுபவர்கள் எழுதலாம்.

1994 இல் ஆட்சி மாறித் தடை கொஞ்சம் தளர்ந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, மழைக்குள் சனத்துக்கு நடுவில் உறுமிக்கொண்டு நின்றவை பெரும்பாலும் அந்த மண்ணெண்ணெய் எஞ்சின்கள்தான். அதன்பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் வந்தது. வன்னிக்கு 2002 வரை வரவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடுப்பட, வன்னிக்குப் பழைய கூத்துத் திரும்ப வந்து 2009 வரை நீண்டது.

2022 இல் முழு இலங்கையும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. அப்போது ஊரிலிருந்து பெறாமகன் ஒருவன் தொலைபேசி எடுத்தான். அவன் பிறந்ததே 1998 இல். "சித்தப்பா, வீட்டிலை ரெண்டு லீற்றர் மண்ணெண்ணெய் கிடக்கு, அந்த நாளிலை எப்பிடி ஸ்ரார்ட் பண்ணினியள்?" என்று கேட்டான். சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் வேலைக்கு இருபது கிலோமீற்றர் போகவேண்டும் என்றான். விடமாட்டான் என்று விளங்கியது. சொல்லிக்கொடுத்தேன். போத்தலை மூடித் தூரக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் உதைக்கவேண்டும், காபரேற்றருக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகவே கூடாது என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.