எஃப்எஸ்டிடிசிஎஸ் மாநாடு

எஃப்எஸ்டிடிசிஎஸ் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது 'மென்பொருள் தொழில்நுட்ப அடிப்படைகள், கோட்பாட்டுக் கணினியியல்' மாநாடு. கணினி அறிவியலின் கணித அடித்தளத்தை ஆராய்பவர்கள் ஆண்டுதோறும் டிசம்பரில் இந்தியாவில் கூடும் பன்னாட்டு ஆய்வு மாநாடு இது. 1981-ல் பெங்களூரில் தொடங்கியது. இந்தியக் கணினி அறிவியல் ஆராய்ச்சிச் சங்கமான ஐ.ஏ.ஆர்.சி.எஸ். இதை நடத்துகிறது. அல்காரிதங்களை வகுப்பது, ஒரு கணக்கு எவ்வளவு கடினமானது என்று அளப்பது, மென்பொருள் பிழையின்றி இயங்கும் என்று நிறுவுவது ஆகியவை இதன் முதன்மைப் பொருள்கள். 1994 முதல் 2022 வரை 7 முறை சென்னையில் நடந்துள்ளது. 2016-ஆம் ஆண்டு மாநாட்டை நகரின் தென்புறநகரான சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் நடத்தியது.

தொடக்கம்

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கணினி அறிஞர்கள் முன்னின்று தொடங்கிய மாநாடு இது. அப்போது இந்தியாவில் கணினி என்பதே அரிது. கணினி அறிவியலைத் தனித்துறையாகக் கற்பித்த இடங்களும் சிலவே. முதல் 4 மாநாடுகளும் பெங்களூரில் நடந்தன. பிறகு டெல்லியில் 2 ஆண்டுகள், புனேயில் 2 ஆண்டுகள், மறுபடி பெங்களூர், மறுபடி டெல்லி என்று சுற்றி வந்து, 1993-ல் மும்பையையும் 1994-ல் சென்னையையும் அடைந்தது.

1984 மாநாட்டின் கட்டுரைகளை மத்தாய் ஜோசப், சியாமசுந்தர் இருவரும் பதிப்பிக்க, ஸ்பிரிங்கர் நிறுவனம் தன் புகழ்பெற்ற கணினி அறிவியல் விரிவுரை வரிசையில் 181-ஆம் தொகுதியாக வெளியிட்டது. இந்திய மண்ணில் படிக்கப்பட்ட கட்டுரைகள் உலகெங்கும் உள்ள பல்கலைக்கழக நூலகங்களைச் சென்றடைய அது வழி திறந்தது. மற்ற அறிவியல்களில் இதழ்க் கட்டுரைக்குத்தான் முதல் மதிப்பு. கணினி அறிவியலில் ஒரு புதிய முடிவு பெரும்பாலும் மாநாட்டில்தான் முதலில் அரங்கேறுகிறது. அதனால் தரமான ஒரு மாநாடு நாட்டுக்குள்ளேயே நடப்பது இத்துறைக்கு மிக முக்கியம்.

தாம்பரத்து முன்னோடிகள்

மாநாடு சென்னைக்கு வருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே கோட்பாட்டுக் கணினியியல் தாம்பரத்தில் வேர் பிடித்திருந்தது. 1837-ல் ஜார்ஜ் டவுனில் தோன்றி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரிதான் அந்த இடம். கணிதத் துறைப் பேராசிரியர் ராணி சிரோமணி (1929-2019), புள்ளியியல் துறைப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932-1988) ஆகிய இருவரும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து 1972-ல் படமொழிகள் குறித்த கட்டுரையை வெளியிட்டனர். அதில் அவர்கள் வகுத்த இலக்கணம் இன்று உலக அளவில் 'சிரோமணி அணி இலக்கணம்' என்றே வழங்குகிறது. கமலா கிருதிவாசன் பின்னர் சென்னை ஐஐடி-யில் கணினி அறிவியல் பேராசிரியரானார்.

இந்த இலக்கணம் செயல்படும் விதத்தை ஒரு தமிழ் எழுத்தைக் கொண்டே காட்டலாம். கட்டம் போட்ட தாளில் 'ட' வரைய வேண்டும் என்று கொள்வோம். முதலில் ஒரே ஒரு கிடைவரிசை இடமிருந்து வலமாக எழுதப்படுகிறது. இடது ஓரத்தில் ஒரு 'தூண்' குறி; அதையடுத்து வேண்டிய எண்ணிக்கையில் 'தரை' குறிகள். அடுத்து ஒவ்வொரு குறியிலிருந்தும் ஒரு நெடுவரிசை கீழ்நோக்கி வளர்கிறது. தூண் குறி ஒவ்வொரு படியிலும் ஒரு கறுப்புப் புள்ளி இடும். தரை குறி படிதோறும் கட்டத்தை வெறுமையாக விட்டுவந்து, கடைசிப் படியில் மட்டும் கறுப்புப் புள்ளி இடும். எல்லா நெடுவரிசைகளும் ஒரே சமயத்தில் வளர்ந்து ஒரே படியில் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. இடது ஓரத்தில் செங்குத்துக் கோடு, அடியில் கிடைக்கோடு: 'ட' வந்துவிடுகிறது. குட்டை, நெட்டை, அகலம் என எந்த அளவு 'ட'வானாலும் இதே சில விதிகளில் அடங்கிவிடுகிறது.

1974-ல் இம்மூவரும் இதே அணுகுமுறையைக் கோலத்துக்குக் கொண்டுசென்றனர். வாசலில் புள்ளி வைத்து இழுக்கும் கோலம், ஒரு சிறு வடிவத்திலிருந்து ஒழுங்காகப் பெருகும் தன்மை உடையது. அந்தப் பெருக்கத்தை விதிகளாக எழுத முடியும் என்று அவர்கள் நிறுவினர். தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த ஒரு கலை, அதன் மூலம் கணினி அறிவியலின் பன்னாட்டு ஆய்வேடுகளில் நிலையான இடம் பெற்றது. கிஃப்ட் சிரோமணி அதோடு நிற்கவில்லை. அச்சிட்ட தமிழ் எழுத்துகளைக் கணினி தானே அடையாளம் காணும் முறை பற்றி 1978-ல் சக ஆய்வாளர்களுடன் கட்டுரை வெளியிட்டார். கோட்பாடும் பயன்பாடும் ஒரே மேசையில் நடந்த ஆராய்ச்சி அது.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1989-ல், அவர் நினைவாக ஒரு கோட்பாட்டுக் கணினியியல் தொகுதி வெளிவந்தது. கம்பிக் கோலம் பற்றிய கட்டுரையும் அதில் இடம்பெற்றது. தொகுதியைப் பதிப்பித்தவர், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தியக் கணினி ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்ட ஆர். நரசிம்மன். ராணி சிரோமணியின் 75-ஆம் பிறந்தநாளை ஒட்டி 2006-ல் இன்னொரு தொகுதி வந்தது. பதிப்பாசிரியர்களில் கே.ஜி. சுப்பிரமணியன் தாம்பரம் கல்லூரியைச் சேர்ந்தவர். மாதவன் முகுந்த் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். தாம்பரத்தில் தொடங்கிய ஆய்வு மரபு எங்கெல்லாம் கிளை விட்டது என்பதற்கு அந்தப் பட்டியலே சான்று.

சென்னையில் நடந்த மாநாடுகள்

1994 டிசம்பரில் சென்னையில் நடந்த முதல் மாநாட்டின் தொகுதியைப் பி.எஸ். தியாகராஜன் பதிப்பித்தார். பல நிரல்கள் ஒரே நேரத்தில் இயங்கும் அமைப்புகளைப் பற்றிய கோட்பாட்டில் உலகறிந்த பெயர் அவருடையது. 1998-ல் அரவிந்தும் ஆர். ராமானுஜமும் பதிப்பாசிரியர்கள். இருவரும் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962-ல் நிறுவிய அந்த ஆய்வுக்கூடத்தை ஆய்வாளர்கள் 'மேட்சயன்ஸ்' என்றே அழைக்கிறார்கள்.

அடுத்த ஆண்டும் மாநாடு சென்னையிலேயே நடந்தது. 1999 டிசம்பர் 13 முதல் 15 வரை அது நடந்து முடிய, மறுநாளே, 16 முதல் 18 வரை, அல்காரிதமும் கணிப்பும் குறித்த ஐசாக் என்ற ஆசியப் பன்னாட்டுக் கருத்தரங்கின் 10-ஆம் கூட்டம் அதே நகரில் தொடங்கியது. சென்னை ஐஐடி-யின் சி. பாண்டுரங்கன் இரண்டு தொகுதிகளுக்கும் பதிப்பாசிரியர்களில் ஒருவர். கோட்பாட்டுக் கணினியியலுக்கென்றே ஒரு வாரம் முழுவதும் சென்னையில் அறிஞர்கள் கூடியிருந்தார்கள்.

2004, 2010 ஆகிய இரு சென்னை மாநாடுகளின் தொகுதிகளையும் மேட்சயன்ஸின் கமல் லோதயாவும் மீனா மகாஜனும் பதிப்பித்தனர். 2020-லும் 2021-லும் கொரோனா காரணமாக மாநாடு இணையவழியில் நடந்தது. 2022 டிசம்பரில் சென்னை ஐஐடி வளாகத்தில் அது மீண்டும் நேரில் கூடியது. அந்தத் தொகுதியின் பதிப்பாசிரியர்கள் அனுஜ் தாவர், வெங்கடேசன் குருசாமி. குருசாமி சென்னை ஐஐடி-யின் பழைய மாணவர். அனுப்பிய தகவலில் வழக்கமான எல்லையைவிட அதிகப் பிழை நேர்ந்தாலும் மூலம் அடங்கிய ஒரு சிறு பட்டியலை மீட்டெடுக்கும் அல்காரிதத்தை, சென்னையில் பிறந்த மது சூதனுடன் சேர்ந்து 1990-களின் இறுதியில் வகுத்தவர்.

சிறுசேரி, 2016

சென்னைக் கணிதவியல் நிறுவனம் 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பள்ளியாகத் தோன்றியது. கணித மேதை சி.எஸ். சேஷாத்ரி அதன் நிறுவன இயக்குநர். தியாகராய நகரில் இயங்கிவந்த நிறுவனம் 2005-ல் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு மாறியது. கணிதத்தையும் கணினியியலையும் இளநிலைப் பட்டப் படிப்பிலிருந்தே சேர்த்துக் கற்பிப்பது அதன் தனிச்சிறப்பு.

36-ஆம் மாநாடு 2016 டிசம்பர் 13 முதல் 15 வரை அங்கு நடந்தது. தொடங்குவதற்கு முந்தைய நாள், டிசம்பர் 12 அன்று, வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. தென்புறநகரில் சாலையெங்கும் மரங்கள் சாய்ந்தன. மாநாட்டுத் தொகுதியை ஆகாஷ் லால், எஸ். அக்ஷய், சாகேத் சவுரப், சந்தீப் சென் ஆகிய நால்வர் பதிப்பித்தனர். தொழில் நிறுவன ஆய்வகம், ஐஐடி, மேட்சயன்ஸ் என்று இத்துறையின் பல முகங்களும் அந்த நால்வரில் இருந்தன.

நடைமுறை

மாநாட்டில் பேச விரும்புபவர் முழு நிரூபணத்துடன் கூடிய கட்டுரையைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும். பல நாட்டு அறிஞர்களைக் கொண்ட திட்டக் குழு, துறை வல்லுநர்களின் மதிப்பீட்டைப் பெற்று, விவாதித்துத் தேர்ந்தெடுக்கிறது. கட்டுரைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்படுகின்றன. அல்காரிதமும் கணிப்புக் கடினமும் ஒரு பிரிவு. தருக்கம், தானியங்கிக் கோட்பாடு, மென்பொருள் சரிபார்ப்பு ஆகியவை மற்றொன்று. மாநாட்டுக்கு முன்னும் பின்னும் சிறப்புப் பட்டறைகள் நடப்பது வழக்கம்.

அழைப்பின் பேரில் வரும் முன்னணி அறிஞர்களின் உரைகள் மாநாட்டின் உயிர்நாடி. 2005 ஹைதராபாத் மாநாட்டுத் தொகுதியில் வெளியான மணீந்திர அகர்வாலின் கட்டுரை நல்ல எடுத்துக்காட்டு. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாக, ஐயமின்றிச் சொல்லும் முறையை 2002-ல் தம் இரு மாணவர்களுடன் கண்டறிந்து உலகை வியக்கவைத்தவர் அவர். தற்செயலை நம்பாத அல்காரிதங்களைக் கண்டுபிடிப்பதற்கும், சில கணக்குகள் உண்மையிலேயே கடினம் என்று நிறுவுவதற்கும் உள்ள உறவை அக்கட்டுரை பேசியது. இயற்கணிதக் கணிப்புத் துறையில் அது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

ஆய்வும் பயன்பாடும்

கோட்பாட்டு மாநாடு என்றால் நடைமுறைக்குத் தொலைவானது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. மேட்சயன்ஸில் வெங்கடேஷ் ராமன், சாகேத் சவுரப் முதலியோர் வளர்த்த ஒரு துறை அந்த எண்ணத்தைத் திருத்தப் போதுமானது. கணக்கின் மொத்த அளவை விட்டு, அதில் உள்ள ஒரு சிறிய எண்ணைப் பிடித்துக்கொண்டு தீர்வு தேடும் துறை அது.

ஓர் ஆய்வகத்தில் பல ஆயிரம் அளவீடுகள் இருக்கின்றன. சில ஜோடிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதிகபட்சம் 10 அளவீடுகளை நீக்கி எல்லா முரண்களையும் தீர்க்க முடியுமா? ஒவ்வொரு பத்தாகத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது கணினிக்கே ஆகாத வேலை. ஆனால் ஓர் அளவீடு 11 அல்லது அதற்கு மேற்பட்டவற்றோடு முரண்பட்டால், அதை நீக்கியே ஆக வேண்டும். அதை விட்டுவைத்தால் எதிரில் உள்ள 11-ஐயும் நீக்க நேரும், அதற்கு அனுமதி இல்லை. அப்படிப்பட்டவற்றை நீக்கிய பிறகு, எஞ்சும் ஒவ்வொன்றும் 10 முரண்களுக்கு மேல் சிக்கியிருக்காது. ஆகவே 10 அளவீடுகளை நீக்கித் தீர்க்கக்கூடிய முரண்கள் அதிகம் போனால் 100. எஞ்சிய முரண்கள் 100-ஐத் தாண்டினால் 'முடியாது' என்று அங்கேயே சொல்லிவிடலாம். தாண்டாவிட்டால், பல ஆயிரத்திலிருந்து சுருங்கிய சிறு கணக்கை மட்டும் அலசினால் போதும். நீக்கியது எதுவும் விடையை மாற்றாது என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. அந்த உறுதிதான் கோட்பாடு தரும் கொடை. இத்தகைய சுருக்க முறைகளைப் பற்றி சவுரப் பன்னாட்டு ஆய்வாளர்களுடன் எழுதிய நூல்கள் 2015-லும் 2019-லும் வெளிவந்து, உலகெங்கும் மாணவர்களின் பாடநூல்களாகியிருக்கின்றன.

தருக்கமும் மென்பொருள் சரிபார்ப்பும் அடங்கிய இரண்டாம் பிரிவின் பயனும் குறைந்ததல்ல. இரண்டு நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து, இரண்டுமே முன்னேறாமல் நின்றுவிடுவது கணினி அமைப்புகளில் நேரும் பெரிய ஆபத்து. ஆயிரம் முறை சோதித்தும் தென்படாத அந்நிலை, ஆயிரத்து ஒன்றாம் முறை வரலாம். அமைப்பை ஒரு கணித மாதிரியாக எழுதி, அது எட்டக்கூடிய எல்லா நிலைகளையும் அலசி, அப்படி ஒன்று வரவே வராது என்று நிறுவும் முறைகளை இப்பிரிவின் கட்டுரைகள் வளர்க்கின்றன.

கட்டுரைத் தொகுதிகள்

1984 முதல் 2007 வரை தொகுதிகளை ஸ்பிரிங்கர் வெளியிட்டது. 2008-ல் மாநாட்டுக் குழு ஒரு துணிச்சலான முடிவு எடுத்தது. ஜெர்மனியின் டாக்ஸ்டூல் கணினி ஆய்வு மையம் அப்போது தொடங்கிய லிப்பிக்ஸ் என்ற திறந்த வரிசைக்கு மாநாடு மாறியது. அவ்வரிசையின் 2-ஆம் தொகுதியே 2008 பெங்களூர் மாநாட்டின் தொகுதி. கட்டுரையின் உரிமை எழுதியவரிடமே இருக்கும். படிப்பவர் பணம் கட்ட வேண்டியதில்லை. சென்னையின் 2010, 2016, 2022 மாநாடுகள் அவ்வரிசையில் முறையே 8, 65, 250 எண்ணிட்ட தொகுதிகளாக உள்ளன. விலை உயர்ந்த ஆய்விதழ்களை வாங்க முடியாத கல்லூரிகள் நிறைந்த நாட்டில், இந்த ஒரு முடிவின் நன்மை அளவிட முடியாதது.

தொடர்புடைய மாநாடுகள்

அல்காரிதமும் கணிப்பும் குறித்த வால்காம் மாநாடு 2007-ல் டாக்காவில் தொடங்கியது. அதன் 8-ஆம் கூட்டம் 2014 பிப்ரவரியில் சென்னை ஐஐடி-யில் நடந்தது. அல்காரிதத்தையும் பயன்பாட்டுக் கணிதத்தையும் இணைக்கும் கால்டம் மாநாடு 2015-ல் கான்பூர் ஐஐடி-யில் தொடங்கி, 2022-ல் புதுச்சேரிக்கும் 2025-ல் கோயம்புத்தூருக்கும் வந்தது. தமிழ் மாணவர்கள் எட்டும் தொலைவில் இத்தனை வாய்ப்புகள் 1981-ல் நினைத்துப் பார்க்க முடியாதவை.

முக்கியத்துவம்

தாம்பரத்தைத் தாண்டி வண்டலூரில் கிழக்கே திரும்பும் கேளம்பாக்கம் சாலையில் பொறியியல் கல்வி நிறுவனங்கள் வரிசையாக உள்ளன. மேலக்கோட்டையூரில் மத்திய அரசு 2007-ல் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப வடிவமைப்பு நிறுவனமும் உண்டு. அச்சாலை முடியும் இடத்திலிருந்து சற்று வடக்கே, பெரும் மென்பொருள் நிறுவனங்களின் அலுவலகங்களுக்கு நடுவே, சென்னைக் கணிதவியல் நிறுவனம் இருக்கிறது. மென்பொருள் வேலைக்குப் பெயர் பெற்ற இப்பகுதி, அந்த வேலைக்கே ஆதாரமான கணிதத்தில் அரை நூற்றாண்டு ஆராய்ச்சி கண்ட பகுதியும்கூட. கருவிகளும் நிரல் மொழிகளும் சில ஆண்டுகளில் மாறிவிடும். 1972-ல் தாம்பரத்தில் நிறுவப்பட்ட தேற்றங்கள் இன்றும் அப்படியே செல்லும். இப்புறநகர்க் கல்லூரிகளில் கணினி படிக்கும் மாணவர்கள் வேலைக்கான பயிற்சியோடு இந்த ஆய்வு மரபையும் தமக்குரியதாகக் கொள்ள வேண்டும். அடுத்த முறை மாநாடு சென்னைக்கு வரும்போது, மேடையில் கட்டுரை படிப்பவர்களில் அவர்களும் இருக்க வேண்டும்.