சுவரினூடே வெப்பம்: ஓர் அளவையின் வரலாறு

சுவரினூடாகப் பாயும் வெப்பத்தை எண்ணாற் கூற வழிகாட்டியவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் பூரியர் ஆவார். இருபுற வெப்பநிலைகளின் வேறுபாடு கூடுந்தோறும் வெப்பப் பாய்ச்சல் கூடும், சுவரின் தடிப்புக் கூடுந்தோறும் அது குறையும் என்பதை 1822இல் வெளிவந்த அவரது நூல் கணிதமாக்கியது.

விதி எளிது, அளத்தலே அரிது. சூடேற்றிய தட்டின்மீது மாதிரியை வைத்தால் விளிம்புகளின் வழியே வெப்பம் தப்பிவிடும். 1910களில் ஜேர்மனியிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் உருப்பெற்ற கருவி இதற்குத் தீர்வு கண்டது. நடுத்தட்டைச் சூழ, அதே வெப்பநிலையிற் காவல் வளையம் ஒன்று வைக்கப்பட்டது. சமவெப்பநிலையிலுள்ள இரண்டிடையே வெப்பம் பாயாதாகையால், நடுத்தட்டிற் செலவாகும் மின்சாரம் முழுவதும் மாதிரியினூடாகவே சென்றாக வேண்டும். முழுச் சுவரையும் சோதிக்கும் வெப்பப்பெட்டி இத்தத்துவத்தின் விரிவேயாகும்.

எனினும், இச்சோதனைகளில் இருபுற வெப்பநிலைகளும் மாறாதிருக்க வேண்டும். குளிர்நாட்டு வீட்டுக்கும் குளிர்களஞ்சியத்துக்கும் அது பொருந்தலாம்; நம் வெயில் அவ்வாறு நிலைத்து நிற்பதில்லை. 1964இல் கெய்ரோவில் கட்டடக்கலைஞர் ஹசன் பத்ஹி பங்குகொண்ட சோதனை, ஆய்வுகூடத்துக்கு வெளியே, வெயிலிலேயே நிகழ்ந்தது. ஐம்பது சென்ரிமீற்றர் தடித்த மண்கல் அறையினுள் ஒருநாள் வெப்பநிலை மாற்றம் 2 பாகைக்கு மேற்படவில்லை. பத்துச் சென்ரிமீற்றர் கொங்கிறீற்றுச் சுவருடைய அறையோ வெளிக்காற்றினும் 9 பாகை வரை சூடேறியது.

இது எனக்கு வெறும் நூற்செய்தியன்று. 2004 டிசெம்பர் 26 கடற்கோளின் பின் இறக்கக்கண்டியிற் சீமெந்துக்கல் வீடுகள் எழுந்தன. எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. கச்சான் வீசும் மாதங்களில் அதன் மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்து, இரவு எட்டு மணிக்கும் கையைச் சுடும். வெப்பம் தடிப்பைக் கடக்க எடுக்கும் இத்தாமதத்தை மாறாநிலைச் சோதனையின் எண் காட்டாது.

அதற்காகக் கெய்ரோவின் மண்சுவரை அப்படியே இங்கு கொணர்தலும் பேதைமை. பாலைநிலத்து இரவு குளிர்ந்து சுவரை ஆற்றும். நம் கடற்கரையில் இரவுக் குளிர்ச்சி சொற்பம். கம்பும் களிமண்ணுங் கொண்ட பழைய சுவர்கள் மெல்லியவையே. தாழ்ந்த கிடுகுக் கூரையின் நிழலும் இடைவெளிகளிற் புகுந்த காற்றுமே அவ்வீடுகளைக் காத்தன எனக் கருதுகிறேன்.

சென்ற விடுமுறையில் அம்மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு சாண் இடைவிட்டுக் கிடுகுத் தட்டி கட்டினோம். இரவிற் சுவர் இப்போது கையைச் சுடுவதில்லை. அம்மம்மா மட்டும் இன்னும் விறாந்தையிலேயே பாய் விரிக்கிறார். கேட்டால், உள்ளே காற்றில்லை என்கிறார்.